வலது என்று எழுதிய படம்

அந்த மருத்துவமனையில் அவருக்கு மூச்சுப்பிடி அம்மா என்று பெயர். எக்ஸ்ரே அறையின் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று முப்பத்தாறு வருடமாக ஒரே ராகத்தில் சொல்லிவந்ததால் வார்டு ஆட்கள் வைத்த பெயர் அது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் விஷயம் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை, உள்ளூர அது பிடித்தும் இருந்தது. வீட்டில் சண்டை முற்றும்போது கணவர்கூட, "சரி, நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன், நீ பேசி முடி" என்பார்.

வேலை விஷயத்தில் அவரைக் குறை சொன்னவர் கிடையாது. வேறு இடங்களில் ஐந்து வருடத்தில் தூக்கிப் போட்டுவிடும் படங்களை அவர் உறையில் போட்டு, வருடவாரியாக அடுக்கி, தூசி தட்டி வைத்திருந்தார். எந்தக் காலத்துப் படத்தைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் எடுத்து நீட்டுவார். அதில் அவருக்குப் பெருமை.

ஓய்வு பெறப் பத்து மாதம் இருந்தபோது பிணவறைப் பிரிவிலிருந்து புதிதாக வந்த பெண் டாக்டர் ஒரு கட்டுப் படங்களோடு வந்தார். பிணவறைக்குப் பின்னால் ஓர் அலமாரியில் யாருடையவை என்று தெரியாத எலும்புகள் பதினொரு அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி பார்ப்பது என்று டாக்டர் கிளம்பியிருந்தார். காணாமல் போனவர்களுக்காகப் போலீஸ் அந்தக் காலத்தில் வாங்கி வைத்த எக்ஸ்ரே படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றித் தரவேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஏழாவது படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் மூச்சுப்பிடி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஓரத்தில் வெள்ளை மையில் 'வலது' என்று எழுதியிருந்தது அவருடைய கையெழுத்து. இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய படம். சரக்கு ஏற்றும் ஆள் ஒருவனுடைய காறை எலும்பு, கழுத்துக்கடியிலிருந்து தோள் வரை ஓடுமே, அது. நடுவில் முறிந்து, ஒரு முனை மேலே தூக்கி நின்றது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. படத்தின் கீழ் மூலையில், இதயத்துக்கு மேலே வளைந்து போகும் பெரிய ரத்தக்குழாயின் மேடு லேசாகத் தெரிந்தது. அந்த மேடு அநேகமாக எல்லோருக்கும் இடப்பக்கம்தான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது இடது காறை எலும்பு. படம் எடுக்கும்போதே பக்கத்தைக் காட்டும் ஈய எழுத்தை ஒட்டிவிட்டால் அதுவும் படத்தில் விழும், பக்கம் மாறவே மாறாது. வெளியே கூட்டம் நெரித்த நாட்களில் அவர் எழுத்து ஒட்டாமல் எடுத்துவிட்டு, படம் கழுவி வந்தபின் மையால் எழுதிக்கொள்வார். அன்றைக்குப் படத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்.

கூட இருந்த போலீஸ் குறிப்பையும் படித்தார். படம் எடுத்த மறு வருடம் ஆள் காணாமல் போயிருக்கிறான். அதற்கு இரண்டு வருடம் கழித்து, கைவிட்ட குவாரிக் குழியில் தண்ணீரை இறைத்தபோது ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. 'இடது காறை எலும்பில் முறிந்து கூடிய தழும்பு. காணாமல் போனவருக்கு முறிந்தது வலது. பொருந்தவில்லை.' அதோடு கோப்பை மூடி, எலும்புகளை அலமாரிப் பெட்டிகளில் ஒன்றில் போட்டுவிட்டார்கள்.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஆளின் மனைவி வந்து ஜன்னலில் நின்றதும், பழைய படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தபோது அவள் கைகூப்பியதும். "இதையெல்லாம் யாரும்மா இவ்வளவு பத்திரமா வச்சிருப்பாங்க" என்று அவள் சொன்னதை அன்று சாயங்காலம் வீட்டில் பீற்றிக்கொண்டதும்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு எழுத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மை போய்விடும். கேட்க ஆளில்லை. பஞ்சைக் கையில் எடுத்தும்விட்டார். எழுத்தை அழிக்கவில்லை, ஆனால் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. படத்தைக் கட்டிலிருந்து தனியே எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். இருபது வருடம் போதாதென்று இன்னும் எட்டு நாள் அது அங்கே கிடந்தது. அந்த எட்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்னவென்று கணவர் கேட்டதற்கு வாயுத்தொல்லை என்றார். ஒன்பதாம் நாள் காலை படத்தை எடுத்துக்கொண்டு பிணவறைப் பிரிவுக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எட்டு நாள் மறைத்து வைத்ததையும் சொன்னார்.

டாக்டர் கோபப்படவில்லை. "நீங்க சொல்லலேன்னா இந்தப் பெட்டியில இருக்கறது யாருன்னு தெரிஞ்சே இருக்காதும்மா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். திட்டியிருந்தால் தேவலாம் என்று மூச்சுப்பிடி அம்மாவுக்குத் தோன்றியது.

வெளியூரில் இருந்த, காணாமல் போனவனுடைய மகளின் எச்சிலை வாங்கி, எலும்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. அவன்தான். வேலைக்குக் குறுக்கு வழியில் போகும்போது குழியில் விழுந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. டாக்டர் நேரில் போய் மனைவிக்குத் தகவல் சொன்னார். மறுநாள் மூச்சுப்பிடி அம்மா தனியாகக் கிளம்பினார்.

மனைவி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலையில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஆவியில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய விரிப்பை அவள் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்தாள். மூச்சுப்பிடி அம்மா தான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அவள் விரிப்பை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அவரு எவளோடயோ ஓடிட்டாருன்னு சொன்னாங்க. முதல்ல நான் நம்பல. எந்தத் தோளுன்னு என்னை யாரும் கேக்கல, அந்தக் குழியில கிடைச்சது அவரு இல்லைன்னு போலீஸ்ல சொன்னப்புறம் நம்பிட்டேன். அன்னையிலேருந்து தினமும் காலைல எந்திரிச்சதும் அவரைத் திட்டுவேன். பல்லு தேய்க்கற மாதிரி அது ஒரு பழக்கம். அவரு பாட்டுக்கு ஒரு பெட்டியில கிடந்திருக்காரு. நான் திட்டினதையெல்லாம் இப்ப எங்க போய்த் திரும்ப வாங்கறது?"

மன்னிப்புக் கேட்கத் தயாரித்துக்கொண்டு வந்த வார்த்தைகளை மூச்சுப்பிடி அம்மா விட்டுவிட்டார். தான் என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டார்.

"ஓடிட்டான்னு சொன்னவங்க நாலு வீட்டுல இருக்காங்க. நான் போய்ச் சொன்னா, பாவம், ஏதோ சொல்றான்னு நினைப்பாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு பேரும் போனார்கள். முதல் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூச்சுப்பிடி அம்மா நின்றபடி, நான்தான் படத்தில் பக்கத்தை மாற்றி எழுதினேன், அதனால்தான் அடையாளம் தெரியாமல் போயிற்று, அவர் எங்கும் ஓடிப்போகவில்லை என்று சொன்னார். மூன்றாவது வீட்டுக்காரிக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. "நானா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நாலாவது, இறந்தவனின் அண்ணன் வீடு. தம்பி ஓடிவிட்டான் என்று முதலில் கிளப்பிவிட்டதே அவர்தானாம். கேட்டு முடித்ததும் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவருடைய மனைவி தரையைப் பார்த்தாள். மூச்சுப்பிடி அம்மாவுக்கு நாக்கு நுனி வரை ஏதோ வந்தது. ஆனால் இந்த வீட்டில் யாரையும் கேள்வி கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டார். கூட வந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். மகள் வந்ததும் பெட்டியை வாங்கிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னாள். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, நாங்களே பாத்துக்கறோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, உறவும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மருத்துவமனை நிர்வாகம் மூச்சுப்பிடி அம்மாவிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்தது. தண்டனை எதுவும் இல்லை. மேலாளர் அதை நல்ல செய்தியாகச் சொன்னபோது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

மிச்சமிருந்த மாதங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரிகளைத் திறந்தார். ஈய எழுத்து இல்லாமல் தன் கையால் மையில் எழுதிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார். நெஞ்சின் ஓரம் விழுந்த படங்களைச் சரிபார்க்க முடிந்தது. அவற்றில் இன்னும் இரண்டு தப்பு கிடைத்தது. தாளில் குறித்து டாக்டரிடம் கொடுத்தார். கை, கால் படங்கள்தான் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் எது எந்தப் பக்கம் என்று இனிமேல் அவராலும் சொல்ல முடியாது, வேறு யாராலும் சொல்ல முடியாது.