ஊற்றின் மேல் கிடந்த முள்

குடகனாற்றங்கரையில் எனக்குத் தெரியாத இடமே இல்லை என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எந்தப் பாறையில் ஏறினால் சிறுமலை முழுசாகத் தெரியும், எந்த வளைவில் மே மாதத்திலும் நிழல் கிடைக்கும், எந்த மடுவில் இறங்கக் கூடாது, எல்லாம் அத்துப்படி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வீட்டில் கால் தரிக்காது. ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'கைடு' என்று பேர் வைத்திருந்தார்கள். கேலிதான். ஆனாலும் உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த கையோடு, நாங்கள் நாலு டீச்சர்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கம் போனோம். கணக்கு டீச்சர் வீட்டிலிருந்து சீரகச் சம்பா பிரியாணி ஒரு சட்டி நிறைய வந்திருந்தது. வேனைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு ஆற்றுக்குள் இறங்கினோம். ஆறு என்று சொன்னால் மணலும் கோரையும்தான், சொட்டுத் தண்ணீர் கிடையாது. நடுவில் ஒரு பெரிய பாறை. அதன் மேல் மற்ற மூன்று பேரையும் ஏற்றிவிட்டு, தெற்கே மலை, கிழக்கே மில் புகைபோக்கி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு அது போதும்.

பாறைக்குப் பின்னால் மணலில் ஓர் இடத்தில் காய்ந்த வேலமுள் ஒன்று மூடிக் கிடந்தது. அடியில் ஊற்று இருக்கிறது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆற்று மணலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிறைப்பார்கள். ஆடும் நாயும் வாய் வைத்துவிடாமல் மேலே முள் போடுவார்கள். முள் கிடக்கிறது என்றால் யாரோ அதை நம்பி இருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை அந்த மூன்று பேருக்கும் நானே விளக்கினேன். "ஆறு செத்துப்போகலை, அடியில ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்று வசனம் வேறு பேசினேன். பேசிக்கொண்டே முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அடியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். பக்கத்தில் கிடந்த சிரட்டையால் மொண்டு ஆளுக்கொரு வாய் குடித்தோம். போட்டோ எடுத்தோம்.

பதினொன்றரைக்கெல்லாம் சாப்பிட்டு முடித்தாயிற்று. கை கழுவ வேண்டும், பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. முதலில் ஒழுங்காகத்தான், சிரட்டையில் மொண்டு தள்ளிப் போய்க் கழுவினோம். அப்புறம் சட்டி கனமாக இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, யாரோ ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் சட்டியை அப்படியே ஊற்றுக்குள் முக்கி ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தேன். வேறு யாரும் செய்யவில்லை, நான்தான். ஒரு பக்கத்து மணல் சரிந்து விழுந்தது. தண்ணீர் மேல் நெய் மிதந்தது. "ஐயோ, டீச்சர்" என்றார் கணக்கு டீச்சர். "செத்த நேரத்துல தெளிஞ்சிரும்" என்றேன்.

அது தெளிவதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கலாம். சேலைக்கு மேல் மில் சட்டை, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் குடங்கள். ஊற்றைக் குனிந்து பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"டவுன்ல இருந்தா வாரீக?"

"ஆமாம்மா. பள்ளிக்கூடத்து டீச்சருங்க."

"காலையில மூடிட்டுத்தான போனேன். என்ன இம்புட்டுக் கலங்கிக் கெடக்கு?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் மற்ற மூன்று பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"நாங்க வரும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு. ஆடு எதுவும் எறங்கியிருக்கும்" என்றேன்.

அவள் குடங்களை மணலில் இறக்கி வைத்தாள். பிறகு, "டீச்சரம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மண்டியிட்டு இறைக்க ஆரம்பித்தாள்.

இறைக்க இறைக்க நெய் வாடை வந்தது. சரிந்த மணலை வாரி வெளியே போட்டாள். எண்ணெய் ஒட்டிய ஓரத்தைச் சுரண்டி எறிந்தாள். மறுபடி ஊறும்வரை காத்திருந்து, மறுபடி இறைத்தாள். ஒரு சிரட்டைத் தண்ணீரில் ஒரு கிராம்பும் நாலைந்து சோற்றுப் பருக்கையும் வந்தன. அவள் பார்த்ததை நான் பார்த்தேன். அப்படியே தூர வீசினாள். எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

வேலை செய்துகொண்டே, கணக்கு டீச்சர் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஊரில் குழாய்த் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. போர் தண்ணீர் உப்பு, அதில் சோறாக்கினால் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஆகவில்லை. மில்லில் அவளுக்கு ரெண்டு மணி ஷிப்டு. ஒரு மணிக்கு ரோட்டில் மில் பஸ்.

"இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் பஸ்ஸ விட்டுட்டேன். இன்னைக்கும் விட்டா நைட் ஷிப்டுல போட்ருவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. நாலு வயசுப் புள்ள. ராத்திரி யாருகிட்ட விட்டுட்டுப் போக?"

நான் வாட்சைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

தண்ணீர் ஒருவழியாகத் தெளிய ஆரம்பித்தபோது கணக்கு டீச்சருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அவள் உடனே முதல் சிரட்டையை மொண்டு நீட்டினாள். "குடிங்க டீச்சரம்மா. காரம் ஏறியிருக்கும்." பிரியாணி சாப்பிட்டோம் என்று நாங்கள் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கணக்கு டீச்சர் குடித்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு குடம் நிறைந்து, இரண்டாவது பாதியில் இருக்கும்போது ரோட்டில் ஹாரன் கேட்டது. ரெண்டு தடவை நீளமாக அடித்தது, பிறகு பஸ் போகிற சத்தம். அவள் கை நின்றுவிட்டது. சிரட்டையைப் பிடித்தபடி ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி மொள்ள ஆரம்பித்தாள்.

எங்கள் வேன் புளியமரத்தடியில்தான் நின்றது. தண்ணீரை வீட்டில் இறக்கிவிட்டு, ரெண்டு மணிக்குள் அவளை மில் வாசலில் விட்டிருக்கலாம். வா, ஏறு என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும்? சொன்னால், எதற்கு இவ்வளவு அக்கறை என்று கேட்பாளே, வேனுக்குள் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக எல்லாம் வெளியே வந்துவிடுமே என்று பயந்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் என் கையைத் தொட்டு, "வேன்..." என்றார். நான் காது கேளாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவள் ஒரு குடத்தைத் தலையில் வைத்து, இன்னொன்றை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"போறப்ப அந்த முள்ள எடுத்து மூடிட்டுப் போங்க டீச்சரம்மா. ஆட்டுக்கு அதத் தூக்கி ஓரமா வைக்கத் தெரிஞ்சிருக்கு. திரும்ப மூடத் தெரியலை."

சொல்லிவிட்டுக் கரையேறிப் போய்விட்டாள்.

முள்ளை எடுத்து மூடினேன். அதன் பிறகு ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் என்னைக் கைடு என்று கூப்பிடவில்லை. அதைவிட வகுப்பில் நிலத்தடி நீர் பாடம் நடத்துகிற நாள்தான் எனக்குக் கஷ்டம். ஊற்று என்ற வார்த்தை வரும் இடத்தில் யாராவது ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

அவளை நைட் ஷிப்டில் போட்டார்களா, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இல்லை. புளியமரத்துக்கு வழி தெரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்று வருடத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்விட்டன. நான் வீட்டிலேயே இருக்கிறேன்.