எரிச்சலை நிறுத்திய மருந்து

வெள்ளை மூடி போட்ட அந்தச் சொட்டு மருந்துப் புட்டியைக் குலை வெட்டுகிறவர் ஒருவர் கையில் கொடுத்தவன் நான். கருவிழியில் இருந்த சாம்பல் நிறப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். கொடுக்கவே இல்லை என்று பிறகு பொய்யும் சொன்னேன்.

மலேசியாவில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்போது நான் டிரெஸ்ஸர், மருத்துவ உதவியாளர். மருத்துவர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாள்களில் தோட்டத்துக்கு நானே மருத்துவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஆங்கிலப் பள்ளிப் படிப்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை. என்ன மருந்து, எதற்கு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் எனக்குப் பிடிக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்துதான் நிற்க வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளை இழுத்ததும் மட்டையோடு தூசும் சிராயும் முகத்தில் கொட்டும். அந்த வெட்டுக்காரர் வலது கண் சிவந்து, நீர் வடிய வந்தார். புதிதாகக் கல்யாணமானவர். மரத்துகள் கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் வரும், சாம்பல் புள்ளிதான் அதன் அடையாளம், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் அது பழம் மிகுந்த மாதம். கண்டபடி எம்.சி. விடுப்புச் சீட்டு எழுதாதே என்று தோட்டத்துத் துரை கடிந்திருந்தார். சிவப்பையும் வலியையும் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு என் அலமாரியில் இருந்தது. மறுநாளே அவர் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனார். டிரெஸ்ஸர் ஐயா கைராசிக்காரர் என்று தொழிலாளர் லயமெங்கும் பேச்சு. அந்த மருந்து வலியை அடக்கியது. உள்ளே பூஞ்சைக்கு வழிவிட்டது. சில வாரங்களில் கருவிழி அவித்த முட்டையைப் போல் வெளுத்துவிட்டது.

அவரையும் அவர் மனைவியையும் அரசு மருத்துவமனைக்குத் தோட்டத்து வேனில் நானே அழைத்துப் போனேன். என்ன மருந்து போட்டீர்கள் என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டார். கண் கழுவும் நீர் மட்டும்தான் என்றேன். அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பும் வழியில் அவர் மனைவியிடம், “லேட்டா வந்துட்டாரும்மா. முன்னுக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்,” என்றேன். வீடு வரும்வரை அந்தப் பெண் கணவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போது வெட்டுக்காரர், கண்ணில் கட்டோடு, எனக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஒற்றைக் கண்ணுக்கு மரத்தின் உயரமும் தூரமும் பிடிபடவில்லை. அவரைப் புல்வெட்டப் போட்டார்கள். இப்போது நான் ஓய்வு பெற்று, கூலாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். சாவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று சென்ற ஆண்டு அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன்.

வெட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். தேநீர்க் கோப்பையை மேசைக்கு வெளியே வைத்தார்; அது விழுந்து உடைந்தது. சாமிப் படத்துக்குக் கீழே அதே வெள்ளை மூடிப் புட்டி இருந்தது.

“நீங்க குடுத்த மருந்துதான்யா. களைக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போனதிலருந்து எனக்குக் கண்ணு எரிச்சல். காலிப் புட்டியக் காட்டிக் கடையில வாங்குவேன். போட்டா நின்னுரும்,” என்றார் அவர் மனைவி.

பல வருடங்களாகப் போட்டிருக்கிறார். அந்தச் சொட்டு, சிலருக்கு, கண்ணின் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கொல்லும். வலிக்காது. ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். மருத்துவமனையில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே அந்தப் புட்டியைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வெட்டுக்காரர் கேட்டார்:

“அப்ப நான் லேட்டா வரலையா?”

“இல்ல தம்பி. நேரத்தோடதான் வந்தீங்க.”

அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

அவர் மனைவியை ஜொகூர் பாருவில் கண் மருத்துவரிடம் காட்டினேன். போன பார்வை திரும்பாது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் மிஞ்சியிருப்பதைத்தான் காக்க முடியும், அதற்கு ஆயுள் முழுக்க வேறு சொட்டு போட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் என் காரில்தான் போய் வருகிறோம். பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். வீடு திரும்பியதும் புதுப் புட்டியை என் கையில் வைப்பார்.

“படிங்க.”

பெயரைப் படிப்பேன்.

“எல்லாத்தையும் படிங்க.”

முழுவதும் படித்து முடிப்பேன். பிறகு அவர் புட்டியை வாங்கிக்கொண்டு, வேலியோரம் தடவிப் போய், பக்கத்து வீட்டுச் சீன அம்மாவைக் கூப்பிட்டு மலாய் மொழியில் மறுபடி படிக்கச் சொல்வார். நான் வாசலில் காத்திருப்பேன். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் உட்கார்ந்து அண்ணாந்து கண்ணைத் திறப்பார். சொட்டைச் சீன அம்மாதான் விடுவார்.