அறுக்காமல் விட்ட பட்டை

வயலில் அறுக்காமல் ஒரு கதிர் நின்றால்கூட நெஸ்டரின் மச்சான் ஒரெஸ்ட்டுக்குச் சாப்பாடு இறங்காது. கனடாவின் சஸ்காச்சுவனில் அவர்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆலங்கட்டி மழை கோதுமையை அடித்துப்போட்டதும், மிஞ்சியதை நெஸ்டர் அறுத்தார். அறுக்கும்போது இரண்டு இடத்தில் மட்டும் நீளப் பட்டையாகப் பயிரை விட்டுவைத்தார். காப்பீட்டு ஆள் அதில் ஒடிந்த கதிர்களை எண்ணித்தான் நூற்றுக்கு எவ்வளவு சேதம் என்று சொல்ல முடியும். பட்டை இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை.

மறுநாள் டவுனுக்குப் போய்த் திரும்பினால், ஒரெஸ்ட்டின் அறுவடை இயந்திரம் வயலில் நிற்கிறது. முதல் பட்டையைக் காணோம்.

"என்ன மாப்ளே, கண்ணு தெரியலையா? அங்கங்க விட்டுட்டுப் போயிருக்கே. நான் சுத்தம் பண்ணிட்டேன்" என்றார் ஒரெஸ்ட், பெருமையாக.

நெஸ்டர் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார்.

"அடப்பாவி மச்சான், அது காப்பீட்டு ஆளுக்குக் காட்ட வச்சது! இன்னொண்ணு எங்கே?"

"மேட்டுக்கு அந்தப் பக்கமா? அதுக்குள்ள என் தங்கச்சி பெரோகிக் கொழுக்கட்டை அவிச்சிருக்கேன்னு கூப்பிட்டா. ஆறிடுமேன்னு ஓடிட்டேன். சாப்பிட்டு இப்பதான் திரும்பி வர்றேன்."

நெஸ்டர் மேடேறிப் பார்த்தார். இரண்டாவது பட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்.

காப்பீட்டு ஆள் வந்து, அதிலேயே எண்ணி முடித்து, "இது போதும்" என்று எழுந்தார். வேலியோரம் காத்திருந்த ஒரெஸ்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்பவாச்சும் அறுக்கலாமா மாப்ளே?"