இரண்டு மூன்றாம் எண்கள்

அண்ணி கணக்கைத் திருகி ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்துவிட்டார் என்ற பேச்சு, கடல் தாண்டி இருக்கும் என் காதுக்கு அக்கா வழியாக வந்தது. அக்காவுக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு யார் சொன்னார்களோ. பதறிப்போய் அண்ணியைக் கூப்பிட்டேன். "திருகல. கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். அது இன்னும் மோசம் என்பதுபோல் இருந்தது குரல்.

பதினாறு வருடமாக ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் புள்ளியியலாளர். ஒரே இரத்தத்தைப் பலமுறை சோதித்தால் முடிவு முன்னே பின்னே வரும். அந்த ஏற்ற இறக்கத்தில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, சோதிக்கும் ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது வேலை. நம் சண்டையிலும் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடேன் என்று அண்ணன் சீண்டுவார்.

கூடத்துக்கு இரண்டு கிளைகள். இரண்டிலும் ஆட்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண். போன வருட அறிக்கையில் மூன்றாம் எண்ணின் ஏற்ற இறக்கம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு கிளையின் மூன்றாம் எண்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவர் அவசரக்குடுக்கை. இன்னொருத்தி, ஒவ்வொரு சோதனைக் குழாயின் சீட்டையும் இரண்டு முறை படிப்பதால் 'நிதானம்' என்று பெயர் வாங்கியவள்.

இந்த வருடம் புது மென்பொருள் வந்தது. மாறுமுன் பழைய தரவைப் பழையது, புதியது இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது அண்ணியின் வழக்கம். ஆட்களின் பங்கு பழையதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, புதியதில் முப்பத்தொன்று. ஒன்பது நாள் மண்டையைக் குடைந்தபின் பிடிபட்டது. எந்த ஆள் எந்தக் கிளை என்று புதியது கேட்டு வாங்கிக்கொண்டது. பழையது கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. அது இரண்டு மூன்றாம் எண்களையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால், துருத்தியது அவசரக்குடுக்கை மட்டும்தான்; தன் கிளையிலேயே சுத்தமான கை நிதானத்துடையது.

அண்ணி போய்ச் சொன்னபோது மேலாளர் அசரவில்லை. "ரெண்டு டாக்டர் ரெண்டு மாதிரி சொல்றதில்லையா? அடிக்குறிப்பு போட்டு முடிங்கம்மா." அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வருஷ அறிக்கையில கையெழுத்து உங்களுது, ஞாபகம் இருக்கட்டும்" என்றாராம்.

அடிக்குறிப்பை எழுதப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"அவகிட்ட சொல்லாம எதையும் எழுத முடியாதுடா. சொன்னா என் வேலையும் போகும். நீ லைன்லயே இரு."

மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. நிதானத்தின் வீட்டில் மணி அடித்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.