மேரி பாதியில் விட்ட சுவர்

பெரிய பேரன் தினேஷ் துபாயில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். பேத்தி கௌசல்யா நர்சிங் முடித்து விழுப்புரத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கடைக்குட்டி பிரவீன் கபடியில் மாவட்ட டீமுக்குப் போயிருக்கிறான்.

இன்னொரு பேத்தி ஷாலினி ஓவியக் காலேஜ் முடித்தவள். வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அவள் படங்களுக்கு முதல் கண்காட்சி... எல்லாரும் குடும்பத்தோடு வாங்க என்று நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் எழுதத்தான் காலையில் போனை எடுத்தேன்.

அதற்குள் சேதி வந்துவிட்டது. மேரி போய்விட்டாள்.

நெஞ்சுவலியாம். ராத்திரியே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நேற்று சாயந்திரம் வரைக்கும் என் டிபன் கடைக்கு எதிரே, வேர்க்கடலை மூட்டை அடுக்கிவந்த பழைய மல்லாட்டை குடோனில், ஷாலினியின் படங்களை மாட்டிக்கொண்டிருந்தவள்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேரி முகையூர்க்காரி. க்யூரேட்டர். படம் வரைகிறவள் இல்லை, அடுத்தவர் வரைந்த படங்களைத் தேர்ந்தெடுத்து கண்காட்சி வைக்கிறவள். மெட்ராஸில் மியூசியத்தில் வேலை பார்த்துவிட்டு நம்ம பக்கமே திரும்பி வந்தாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். முதல் நாள் டீ கொண்டுபோனபோது கேட்டேன். "ஏம்மா, ஆணி அடிக்கிறதுக்கு ஒரு படிப்பா?"

"ஆமாக்கா. ஆணிய எங்க அடிக்கக் கூடாதுன்னு படிக்கிற படிப்பு" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

டீ குடிக்கும்போது நிறைய சொல்லுவாள். அந்தக் காலத்து அரண்மனைகளில் தரையிலிருந்து கூரை வரைக்கும் இடமே விடாமல் படம் மாட்டுவார்களாம். ராஜா எவ்வளவு வைத்திருக்கிறார் என்று ஊருக்குக் காட்ட.

"அப்பல்லாம் எங்க வேலை சாமான் கெட்டுப்போவாம பாத்துக்கிறதுதான்க்கா. இப்போ எதுக்குப் பக்கத்துல எது, யாரு வந்து பாக்கப்போறாங்க... அதையெல்லாம் யோசிச்சிக்கினே இருக்கணும்."

மாட்டுவதற்கு முன்னால் எல்லாப் படத்தையும் சுவரோரம் தரையில் சாய்த்து வைப்பாள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுந்து இதை அங்கே வைப்பாள், அதை இங்கே வைப்பாள்.

"ஒன்னுக்கொன்னு ஒத்துக்கணும்க்கா. இல்லன்னா ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கும்."

"எங்க வூட்டு மருமவளுங்க மாதிரின்னு சொல்லு."

விழுந்து விழுந்து சிரித்தாள்...

அந்த குடோனில் அவள் வைத்த முதல் கண்காட்சியை மறக்க முடியாது. மண்டியில் வேலை செய்கிறவர்களின் முகங்களை விழுப்புரத்து ஓவியர் ஒருவர் பெரிது பெரிதாக வரைந்திருந்தார். குடோன்காரர் பாபு அண்ணன், நல்ல காரியமாச்சே என்று, மேரி குளிக்கப் போன நேரத்தில் எல்லாப் படத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டார்.

ஒலக்கூர் பொன்னுசாமி, மூட்டை தூக்குகிறவர், பொண்டாட்டியோடு உள்ளே வந்தார். மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தார்.

"யோவ் பாபு! நான் இன்னா பூட்டேனா? காலையிலதான்யா உனக்கு மூட்டை எறக்கினேன்!"

அந்தம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது. பாபு அண்ணன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரே பேஜார்.

மேரி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். திட்டவில்லை. பொன்னுசாமி படத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்திலேயே போட்டாள். "அண்ணே, உங்க படத்துக்குக் கீழயே நில்லுங்க."

அப்புறம் ஒவ்வொருவராக வந்து மாலையோடு அவரவர் படத்துக்குக் கீழே நின்றார்கள். ஊர் ஜனம் படத்தைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும்... பொன்னுசாமியை வெளியே அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

இப்போது ஷாலினி கதைக்கு வருகிறேன்.

நேற்று இரண்டு பேருக்கும் சண்டை. மழையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பொம்பளைகள் படம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசிச் சுவரில் நடுவே மாட்டவேண்டும் என்று இவள், ஓரமாகத் தனியே விடவேண்டும் என்று மேரி.

"வரைஞ்சவ நீ, ஒத்துக்கிறேன். பாக்க வர்றவங்களுக்கு நான்தான பொறுப்பு? காலையில வந்து உன் காரணத்த சொல்லு. சரியா இருந்தா மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மேரி.

காலையில் நான் போனபோது ஷாலினி அந்தச் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். படங்கள் மேரி சாய்த்து வைத்தபடியே இருந்தன.

பாபு அண்ணன், "தள்ளி வெச்சிக்கலாம்மா, இப்ப இன்னா அவசரம்" என்றார். ஷாலினியும் இப்போது கண்காட்சி வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

"ராத்திரி பூரா யோசிச்சிக்கினு வந்தேன் ஆயா. காரணத்த இப்ப யாருகிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லு."

அழுதுகொண்டே சொன்னாள். படத்தில் இருக்கிற எல்லாரும் பஸ் வருகிற பக்கமே பார்க்கிறார்களாம். நடுவில் மாட்டினால் பார்க்க வருகிறவர்களும் அந்தப் பக்கம் நடப்பார்களாம். அங்கேதான் மீதிப் படங்கள் இருக்கின்றனவாம்.

மேரி இதை ஒத்துக்கொள்வாளா, எனக்குத் தெரியாது. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

ஷாலினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் அந்தப் படத்தைச் சுவரின் நடுவே தூக்கிப் பிடித்தாள். பாபு அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி உண்டு.

நான் முகையூர் போய்க்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலையில் அடக்கம்.

மேரி... நல்லபடியா போய் வா தாயி.

ஷாலினி, மாட்டி முடித்ததும் அந்தச் சுவரை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இங்கே போடு கண்ணு. ஜல்தியா போடு. பெட்டியை மூடுவதற்குள் நான் மேரிக்குக் காட்டணும்.