மாசி மகத்தன்று எரிந்த ஒரே அடுப்பு

எங்கள் தெருவில் பாதி வீடுகள் தரைமட்டமானதற்குக் காரணம் நான்தான். என்னை யாரும் மிரட்டவில்லை. கூலியும் தரவில்லை. ஒரு மனிதர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டார், நான் வாய் திறந்தேன். அவ்வளவுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. உழவர்கரைப் பக்கம், மில்லுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் ஒரே வரிசையாக எங்கள் வீடுகள் இருந்தன. மண்சுவர், கீற்றுக் கூரை. எல்லோரும் மில் தொழிலாளிகள். என் அப்பாவும் அந்த மில்லில்தான் வேலை செய்து, இருமி இருமியே இறந்தார். நான் மட்டும் ஒரு பாதிரியார் தயவில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். தெருவுக்கு மனு எழுதுவதெல்லாம் நான்தான். வெள்ளைக்காரர்களைக் கூப்பிடும் பெயரால் என்னையும் ‘முசே’ என்பார்கள். அதில் பாதி கேலி, பாதி பெருமை.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார். ஊர் பெருத்துக்கொண்டிருந்த காலம். கிடங்கும் வாடகை வீடுகளும் கட்டலாம் என்று வியாபாரிக்கு ஆசை. அவருடைய மேனேஜர் வந்து, காலி செய்யுங்கள் என்றார். எங்கே போவது என்று கேட்டதற்கு, அது என் வேலை இல்லை என்றார்.

ஒரு காலையில் கடப்பாரையோடு ஆட்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். சுற்றுக் கிராமங்களில் விவசாயக் கூலி வேலை செய்பவர்கள். வரிசையில் முதல் வீடு, மில்லில் நூல் சுற்றும் வேலை பார்த்த ஓர் அக்காவுடையது. உள்ளே எட்டிப் பார்த்த மேஸ்திரி அப்படியே பின்வாங்கினார்.

“உலை கொதிச்சிக்கினு இருக்குது சாமி. எரியிற அடுப்பு மேல கூரையப் பிரிக்க மாட்டோம். நாளைக்கு எங்க வூட்ல உலை கொதிக்க வேணாமா?”

மேனேஜர் கத்திப் பார்த்தார். அவர்கள் வண்டி ஏறிவிட்டார்கள்.

நாங்கள் பெருமூச்சு விட்டதோடு சரி. அக்கா மட்டும் அதிலிருந்து ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே தெருவைக் கூட்டினார்.

“இனிமே இந்தத் தெருவுல அடுப்பு அணையக் கூடாது. நான் மில்லுக்குப் போனா என் அடுப்ப நீ பாரு. நீ போனா உன் அடுப்ப நான் பாக்குறேன்.”

“வெறகுக்கு எங்க போறது?” என்றது ஒரு குரல்.

“உன் புருசன் குந்திக்கினு சீட்டு ஆடுற பலகை இல்ல? மொதல்ல அத வெட்டு.”

சிரிப்போடுதான் எல்லாம் தொடங்கியது. மில்லில் மாறி மாறி ஷிப்ட். அதே மாதிரி அடுப்புக்கும் ஷிப்ட் வைத்தார்கள். உமி, வேர்க்கடலைத் தோல், வரட்டி எல்லாம் பொதுவில் சேர்ந்தன. எந்த நேரத்தில் வந்தாலும் ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை கிளம்பிக்கொண்டிருக்கும். நான் தனி ஆள். என் பானையில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும். வேலைக்குப் போகிற வழியில் அக்கா ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுப் போவார். “வெறும் தண்ணி கொதிச்சா அது பொய் உலைடா முசே. அடுப்பு கோவிச்சிக்கும்” என்பார். அந்த மாதங்களில் நான் பசியோடு படுத்ததே இல்லை.

ஆட்கள் மறுபடியும் வந்தார்கள், புகையைப் பார்த்துத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் மேனேஜர் என்னைப் பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் பார்த்தார். எங்கள் தெரு ஆண்களை ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர், எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்கள், முசியே” என்று பிரெஞ்சில் சொன்னார். நான் படித்த பிரெஞ்சில் என்னோடு பேச எங்கள் பக்கம் யாரும் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அடுப்புக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். சீட்டுப் பலகை வெட்டப்பட்டதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னும் சிரிக்க வைக்கவேண்டும் என்றிருந்தது எனக்கு. மாசி மகத்தன்று மட்டும் அடுப்புகளுக்கு விடுமுறை, தெருவே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும் என்று சொல்லிவைத்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னுடைய காப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்.

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். அக்காவிடம் போய் எச்சரிக்கலாம்தான். எச்சரித்தால், யாரிடம் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கியிருந்தார்கள். அந்த நாளில் எவனும் கடப்பாரை தூக்க வரமாட்டான் என்று அக்கா நம்பினார். மேனேஜர் இரட்டைக் கூலி பேசியிருக்கிறார். நாங்கள் ஈரத் தலையோடு, காலெல்லாம் மணலோடு திரும்பியபோது தெருமுனையில் புழுதி நின்றுகொண்டிருந்தது. முதல் வீட்டிலிருந்து தொடங்கி, பாதி வரிசை கீழே கிடந்தது. அக்காவின் வீடு இருந்த இடத்தில் மண்மேடு. உள்ளேயிருந்த சட்டி பானைகளையும் சாமி படத்தையும் அந்த ஆட்களே பத்திரமாக எடுத்துக் கரையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அக்கா அழுதார்.

பாதியில் அவர்கள் நின்றது ஏன் என்பது பிறகு தெரிந்தது. அந்த இடத்து வீட்டில், மில்லில் தறி ஓட்டுகிற ஓர் இளைஞன் மனைவியோடு குடியிருந்தான். அவளுக்குப் பிள்ளை பிறந்து தீட்டுக் கழியாததால் கடலுக்கு வரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருந்தாள். புகையைக் கண்டதும் மேஸ்திரி அந்த வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

மிச்சத் தெருவைக் காப்பாற்றியது அந்த அடுப்புதான். ஆனால் வீடு இழந்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

“எல்லார் அடுப்பும் ஆறிக்கெடந்தப்ப உன் அடுப்பு மட்டும் எப்பிடிடா எரிஞ்சிது? முன்னாடியே தெரியுமா உனக்கு?”

அவன் என்ன சொல்லியும் எடுபடவில்லை. யாரோ காட்டிக்கொடுத்தது நிச்சயம். யார் என்று தெரியாத கோபம் அவன் மேல் இறங்கியது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு கொண்டுபோன பெண்கள் போவதை நிறுத்தினார்கள். அக்காவும் அந்த வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு காலையில் அவன் பாத்திரங்களை மூட்டை கட்டினான். கடலூரில் யாரோ உறவுக்காரர் இருக்கிறார், போகிறேன் என்றான். மனைவி குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தையின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். மேனேஜர், நாற்காலி, காப்பி, எல்லாவற்றையும்.

அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து என்னை அறைந்தான். யாரும் தடுக்கவில்லை. அக்கா மட்டும் ஒன்று கேட்டார்.

“தமிழ்ல சொன்னியா, பிரெஞ்சுல சொன்னியா?”

“பிரெஞ்சுலக்கா.”

“அதான. தமிழ்ல சொல்லியிருந்தா உன் வாயே கூசியிருக்கும்.”

பிறகு அவர் அந்தப் பெண்ணிடம் போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். “வா, உள்ள போ. காத்து படுது” என்றார். அவர் கேட்ட மன்னிப்பு அதுதான்.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். எல்லோரோடும் சேர்ந்து மண் மிதித்து, சுவர் எழுப்பி, கீற்றுப் பின்னினேன். உத்தரவு எதுவும் இல்லாமல், ஆள் இல்லாத நேரத்தில் வீடுகளை இடித்தார்கள் என்று அதிகாரிகளுக்கு எழுதி, நானே சாட்சி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வியாபாரி எங்கள் அலுவலகத்துக்கு வேண்டியவர். வேலை போயிற்று. “வேலதான் இல்லியே, அடுப்பப் பாரு” என்றார் அக்கா. பகல் ஷிப்டுக்குப் பெண்கள் போனதும், தெரு முழுக்க எரிகிற அடுப்புகளுக்கு நான்தான் காவல். கண் சிவந்து உட்கார்ந்திருப்பேன். “இன்னா முசே, அடுப்பு பொகையுதா, நீ பொகையிறியா?” என்று கேட்டுக்கொண்டு போவார்கள். கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண் மட்டும் எதுவும் கேட்காமல் ஊதுகுழலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் கணவன் என்னோடு பேசவே இல்லை.

அதிகாரிகள் பல தடவை வந்தார்கள், பேசினார்கள். சிலருக்கு மட்டும் இடம் தருகிறோம் என்றபோது, தந்தால் தெருவுக்கே தாருங்கள் என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். கடைசியில் ரெட்டியார்பாளையம் தாண்டி எல்லோருக்குமாக மனை கொடுத்தார்கள்.

புறப்படும் நாளன்று, பழைய தெருவின் நெருப்பைத்தான் புது வீடுகளில் மூட்டவேண்டும் என்று முடிவானது. மாசி மகத்தன்று அணையாத அந்த அடுப்பிலிருந்து கங்கு எடுத்தார்கள். அந்தப் பெண் சட்டியில் அள்ளிப் போட்டு, சாம்பல் மூடி, யாரும் எதிர்பாராமல் என் கையில் கொடுத்தாள்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாத்து எடுத்துக்கினு வா. வழியில எவனாச்சும் முசியேன்னு கூப்பிட்டா நின்னுடாத” என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது, புகையால் அல்ல.

விழுப்புரம் சாலையில் நல்ல காற்று. சாம்பல் பறந்து கங்கு தெரிய ஆரம்பித்தது. அதுவரை விலகியே வந்துகொண்டிருந்த அந்த இளைஞன், தோளிலிருந்த துண்டை எடுத்து, சட்டிக்குக் காற்று படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே என் பக்கத்தில் நடந்தான். போய்ச் சேரும்வரை கையை இறக்கவில்லை. அதற்குப் பிறகும் அவன் என்னோடு அதிகம் பேசியதில்லை. ஆனால் இந்த வயதிலும் என்னை யாராவது மரியாதையாகக் கூப்பிட்டால், பதில் சொல்லுமுன் அந்தத் துண்டு ஒரு கணம் என் கண்முன் வந்துவிடுகிறது.