குதிரைக்குட்டியைப் பிரித்துக் கட்டினேன்

கன்று காலை மடக்கிக்கொண்டு வந்தால்கூட உள்ளே கைவிட்டுத் திருப்பி எடுத்துவிடுவேன். எங்கள் தெருவில் எந்த மாடு ஈன்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எங்கள் வண்டிக் குதிரை குட்டி போட்டபோது நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கும் நாகல் நகருக்குமாகக் குதிரை வண்டி ஓட்டினார். விடியும்போது குட்டி விழுந்தது. செம்பட்டை நிறம், உடம்பை விடக் கால் நீளம். எழுந்து நின்று ஒருதடவை பால் குடித்ததைப் பார்த்துவிட்டு அவர் தவிடு வாங்க வத்தலக்குண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கன்று கண்டபடி குடித்தால் கழியும் என்று பிரித்துக் கட்டுவோம். குட்டியையும் அப்படியே இழுத்துப் போய்க் கொட்டகையின் அந்தக் கோடியில் கட்டினேன். இழுத்த இழுப்பில் அது இரண்டுதடவை விழுந்தது. தாய் புல்லைத் தொடவில்லை. தரையைப் பறித்துக்கொண்டே கனைத்தது. உச்சி வெயிலில் குட்டி படுத்துவிட்டது. தலை தொங்கிவிட்டது.

அப்போதுதான் லாடம் அடிக்கிறவர் குட்டியைப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை.

"யாரு மதினி இதக் கட்டுனது?"

"நாந்தேன். ரொம்பக் குடிச்சாக் கழியும்ல?"

"அட என் மாட்டு டாக்டரே! குதிரைக்கு மடி இம்புட்டுக்காண்டு. செத்த நேரத்துக்கு ஒருக்காக் குடிச்சாத்தேன் குட்டிக்கு உசுரு நிக்கும். அவுத்து விடுங்க மொதல்ல!"

அவிழ்த்துத் தூக்கினோம், நிற்கவில்லை. வயிற்றுக்கடியில் கைகொடுத்து நான் தாங்கிக்கொண்டேன். அவர் பாலை விரலில் பீச்சி அதன் வாயில் வைத்தார். நாலைந்து விரலுக்குப் பிறகு அதுவாகக் காம்பைப் பிடித்தது.

பிழைத்துவிட்டது. ஆனால் என்னைக் கண்டால் தாய்க்குப் பின்னால் ஓடி ஒளியும்.

"உன்னைக் கண்டாத்தேன் மெரளுது. என்ன புள்ள செஞ்ச?" என்றார் வீட்டுக்காரர்.

"சுங்குடிச் சேலைல புள்ளி புள்ளியா இருக்குல்ல, அதுக்குப் பயப்படுது" என்றேன். சேலையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். மாற்றினேன். அதற்கும் ஓடியது.

லாடக்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் தனியாக ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்: "இப்பவே கைக்குப் பழகலேன்னா பின்னால லாடத்துக்குக் கால் தராது மதினி. ஒதைக்கிற குதிரைய எவன் வச்சுக்கிருவான்?"

அந்தச் சொல் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. மறுநாளிலிருந்து முருங்கைக் கீரையை எடுத்துக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை உருவுவேன். கூப்பிட மாட்டேன், தொட மாட்டேன். எட்டு நாளோ பத்து நாளோ, பின்னால் சூடாக மூச்சு வந்தது. முந்தானையைக் கவ்வி இழுத்தது. கை பரபரத்தது. நான் திரும்பவில்லை.

அப்புறம் நெஞ்சைச் சொறியவிட்டது. தோள், முதுகு, வயிறு என்று ஒவ்வொன்றாகத் தடவினேன். முழங்காலுக்குக் கீழே கை போனால் விலகிவிடும். நானும் கையை எடுத்துவிடுவேன். ஒருநாள் விலகவில்லை. குளம்பைத் தூக்கி என் மடியில் வைத்து, சுத்தியல் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினேன். காதை மட்டும் ஆட்டியது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், முதல் நாள் கட்டிப்போட்டது நான்தான் என்று.

"அதான் கழுத்துல கயித்துத் தடம் கெடந்துச்சே" என்றார் அவர். வெஞ்சனக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.